இரும்புச் சுருள்

பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் குன்றத்தூர். குன்றின்மேல் விளங்கும் முருகன் கோயிலும், மேற்கே கடலெனப் பரந்த செம்பரம்பாக்கம் ஏரியும் நெடுங்காலமாக அவ்வூரின் அடையாளங்கள். இன்று அவற்றோடு மற்றோர் அடையாளமும் சேர்ந்துள்ளது. 1998ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனத்தின் கார்த் தொழிற்சாலை தன் உற்பத்தியைத் தொடங்கிற்று. 2010இல் ஒரகடத்தில் ரெனோ, நிசான் நிறுவனங்கள் கூடி அமைத்த தொழிற்சாலையும், 2013இல் அதே ஒரகடத்தில் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் இயங்கத் தொடங்கின. ஒரு காருக்கு வேண்டும் உறுப்புகள் பல்லாயிரம். அவை அனைத்தையும் ஒரே ஆலை செய்துகொள்வதில்லை. தண்டுகள், புஷ்கள், பற்சக்கரங்கள் முதலியவற்றைக் கடைந்து கொடுக்கும் சிறுபட்டறைகள் பல அப்பெருவழியின் இருமருங்கும் தோன்றின. குன்றத்தூரை அடுத்த திருமுடிவாக்கத்தில் உள்ள சிட்கோ தொழிற்பேட்டையில் இத்தகைய பட்டறைகளைக் காணலாம்.

அப்பட்டறைகளுள் ஒன்றில் முதன்முறையாக நுழைவோர் கண்ணைக் கவர்வது அங்கே செய்யப்படும் பொருள் அன்று, கழிவே ஆகும். கடைசல் பொறியின் அடியில் இரும்புச் சுருள்கள் குவிந்து கிடக்கும். சில வெள்ளிபோல் மின்னும். சில வைக்கோல் நிறம் கொண்டிருக்கும். சில மயிற்கழுத்தின் நீலத்தை ஒத்திருக்கும். சில நீண்ட நாடாக்களாகப் பின்னிக் கிடக்கும்; சில உடைத்த முறுக்குபோல் சிறு துண்டுகளாக இருக்கும். இவற்றைப் பட்டறையில் சிப் என்பர். சீவல் என்பது தமிழ். காண்பார்க்கு இது குப்பை. தொழில் அறிந்தவனுக்கோ அது பொறியின் உடல்நிலையைக் கூறும் நாடி. வைத்தியர் நாடி பிடித்துப் பார்ப்பதுபோல் அவன் சீவலின் நிறத்தையும் நீளத்தையும் சுருளையும் பார்த்து, உளி கூர்மையாக உள்ளதா, வேகம் மிகுந்ததா, குறைந்ததா என்று சொல்லிவிடுவான்.

கடைதல் என்னும் சொல் தமிழில் பழமையானது. தயிரைக் கடைகிறோம், கீரையைக் கடைகிறோம், மரத்தைக் கடைந்து தொட்டிற்காலும் பம்பரமும் செய்கிறோம். மூன்றிலும் சுழற்சி உண்டு. ஆயினும் மரத்தைக் கடையும்போதும் இரும்பைக் கடையும்போதும் நிகழ்வன முற்றிலும் வேறானவை. மரத்திற்கு நார் உண்டு. உளி நுழையும்போது நாரின் வழியே மரம் முன்னதாகவே பிளந்து விலகுகிறது. விறகு பிளக்கும் கோடரி அடிக்கட்டையைத் தொடுமுன்னரே விறகு இரண்டாவது இதனால்தான். இரும்பிலோ அத்தகைய பிளவு இல்லை. அங்கே உளி உலோகத்தைப் பிளப்பதில்லை, அழுத்துகிறது. அழுத்தம் தாங்காத உலோகம் உளிமுனையிலிருந்து மேற்பரப்பு நோக்கிச் சாய்வாகச் செல்லும் மெல்லிய தளம் ஒன்றில் வழுக்கி நழுவுகிறது. அவ்வாறு நழுவிய உலோகமே உளியின் முகத்தின்மீது ஏறிச் சீவலாக வெளிவருகிறது.

இதனை முதலில் தெளிவாக எடுத்துரைத்தவர்களுள் ஒருவர் உருசிய நாட்டு அறிஞர் இவான் டைம். 1870இல் வெளிவந்த அவர் நூல், சீவல் நழுவலால் உண்டாகிறது என்பதையும், வெட்டப்பட்ட நீளத்தைவிடச் சீவல் குறுகியிருக்கிறது என்பதையும் விளக்கியது. இக்குறுக்கம் பெரிதும் வியத்தற்குரியது. ஒரு தண்டின் சுற்றளவு ஒரு மீட்டர் என்று கொள்வோமாயின், அதனை ஒருமுறை சுற்றிச் சீவிய சுருளை நிமிர்த்து அளந்தால் பெரும்பாலும் அரை மீட்டருக்கும் குறைவாகவே இருக்கும். எஞ்சிய நீளம் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. நீளம் குறைந்த அளவுக்குத் தடிப்பு மிகுந்துவிட்டது. உளி நீக்க முயன்ற படலம் 0.2 மில்லிமீட்டர் தடிப்பாயின், வெளிவரும் சீவல் 0.5 மில்லிமீட்டர் தடித்திருக்கலாம். பிளந்து வந்த பொருள் இவ்வாறு தடிப்பதில்லை. நசுங்கி நழுவிய பொருளே தடிக்கும்.

பின்லாந்து நாட்டுப் பீஸ்பனென் என்பார் 1937இல் இதற்கு ஓர் எளிய உவமை கூறினார். சீட்டுக்கட்டு ஒன்றைச் சாய்த்து வைத்து ஒரு பக்கத்திலிருந்து தள்ளினால், ஒவ்வொரு சீட்டும் தனக்கு அடுத்த சீட்டின்மேல் சிறிது சிறிதாக நழுவும். உலோகமும் அவ்வாறே படலம் படலமாக நழுவுகிறது என்றார் அவர். கவுளி கவுளியாக அடுக்கிய வெற்றிலையை விரலால் தள்ளிப் பார்த்தவர்க்கு இது எளிதில் விளங்கும். 1940க்குப் பின் அமெரிக்க நாட்டில் சின்சினாட்டி நகரின் பொறி உற்பத்தி நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய எர்ன்ஸ்ட், மெர்ச்சன்ட் ஆகிய இருவரும் இந்நழுவல் தளத்தின் சாய்வையும், அதில் செயற்படும் விசைகளையும் கணக்கிட வழிகண்டனர். மெர்ச்சன்ட் வரைந்த விசை வட்டத்தை இன்றும் பொறியியல் மாணவர் ஒவ்வொருவரும் வரைந்து பழகுகின்றனர்.

இத்துணை வன்மையாக உலோகம் நசுங்கும்போது வெப்பம் பிறவாதிருக்குமா? வெப்பத்தின் இயல்பையே உலகுக்கு உணர்த்திய ஆராய்ச்சி ஒன்று கடைசற் பட்டறையில் பிறந்தது. மியூனிக் நகரத்து ஆயுதசாலையில் பீரங்கிக் குழல்களைத் துளையிடும் பணியை மேற்பார்த்த ரம்ஃபோர்டு பிரபு, குழலும் சீவலும் கடுஞ்சூடு அடைவதைக் கண்டார். வெப்பம் என்பது பொருளுக்குள் ஒளிந்திருக்கும் ஒருவகைப் பாய்மம் என்றும், உலோகம் சீவலாகச் சிதையும்போது அப்பாய்மம் வெளிப்படுகிறது என்றும் அக்காலத்து அறிஞர் பலர் கருதினர். ரம்ஃபோர்டு சீவலைச் சோதித்தார். சீவலும், அதே உலோகத்திலிருந்து வாளால் அறுத்த துண்டும் வெப்பத்தை ஏற்கும் திறனில் ஒன்றாகவே இருந்தன. சீவல் எதனையும் இழக்கவில்லை! பின்னர் அவர் வேண்டுமென்றே மழுங்கிய துளைக்கருவியைப் பூட்டி, குழலைச் சுற்றி ஏறத்தாழ எட்டரைக் கிலோ நீர் கொண்ட மரப்பெட்டியை அமைத்து, குதிரைகளின் வலிமையால் குழலைச் சுழற்றினார். இரண்டரை மணி நேரத்தில், தீயே இல்லாமல், நீர் கொதித்தது. கண்டோர் வியப்பில் ஆழ்ந்தனர். 1798இல் அவர் வெளியிட்ட இம்முடிவு, வெப்பம் பொருள் அன்று, இயக்கத்தின் விளைவே என்ற உண்மைக்கு வித்திட்டது.

விரைவாகக் கடையும் பொறியில் உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைச் சீவலே சுமந்து செல்கிறது. இஃது இயற்கை செய்த ஒரு நன்மை எனலாம். அவ்வெப்பம் முழுவதும் உளியிலோ, செய்பொருளிலோ தங்குமாயின் உளி இளகும். செய்பொருள் விரிந்து அளவு பிழைபடும். உருக்குச் சீவலின் நீல நிறமும் இவ்வெப்பத்தின் கைவேலையே. சூடான உருக்கின்மேல் காற்றிலுள்ள ஆக்சிஜன் மிக மெல்லிய படலத்தை உண்டாக்குகிறது. சூடு ஏறத்தாழ 220 பாகை செல்சியஸ் அளவில் வைக்கோல் நிறமும், 300 பாகையை நெருங்கும்போது நீலமும் தோன்றும். பழைய வகை உளியால் வேலை செய்த காலத்தில் நீலச் சீவல் கண்டால் தொழிலாளி வேகத்தைக் குறைப்பான். இன்றைய கடின உளியிலோ நீலச் சீவல் நல்ல அடையாளமாகவே கொள்ளப்படுகிறது. வெப்பம் சீவலோடு போய்விட்டது என்பதன் சான்று அது.

உளியின் வரலாறு தனியே ஒரு நூலாக விரியத்தக்கது. அமெரிக்கரான பிரெடெரிக் டெய்லர் உலோகம் வெட்டுதலை 26 ஆண்டுகள் ஆராய்ந்து, அதன்பொருட்டு எட்டு லட்சம் பவுண்டு, அஃதாவது ஏறத்தாழ 360 டன் உருக்கையும் இரும்பையும் சீவலாக்கினார். ஒரு மனிதரின் ஐயங்களைத் தீர்க்க இத்துணைச் சீவல் வேண்டியிருந்தது! அவரும் ஒயிட் என்பாரும் கண்ட அதிவேக உருக்கு 1900இல் பாரிசுப் பொருட்காட்சியில் செந்தணலாகச் சிவந்தும் மழுங்காமல் வெட்டிக் காட்டியது. 1927இல் செருமானிய நாட்டின் லைப்சிக் சந்தைக்கு விடியா என்னும் பெயரில் டங்ஸ்டன் கார்பைடு உளி வந்தது. வைரம் போன்றது என்பது அப்பெயரின் பொருள். அதிவேக உருக்கு உளி மென்னுருக்கை நிமிடத்திற்கு 30 மீட்டர் அளவில் வெட்டுமாயின், கார்பைடு உளி 150 மீட்டருக்கு மேலும் வெட்டும். உளி வென்றது, புதிய தொல்லையோ சீவலின் வடிவில் வந்தது.

அத்தொல்லையின் அளவைக் கணக்கிட்டே உணரவேண்டும். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருக்குத் தண்டு ஒன்று நிமிடத்திற்கு 150 மீட்டர் வேகத்தில் கடையப்படுவதாகக் கொள்க. தண்டு நிமிடத்திற்கு ஏறத்தாழ 955 முறை சுழலும். வெட்டின் ஆழம் 2 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு உளி நகரும் அளவு, அஃதாவது ஊட்டம், 0.2 மில்லிமீட்டர். எனின், ஒரு நிமிடத்தில் நீங்கும் உலோகம் 60 கன சென்டிமீட்டர். எடை 470 கிராம். ஒரு மணி நேரத்தில் 28 கிலோ. சீவல் ஐந்தில் இரண்டு பங்காகக் குறுகினாலும் நிமிடத்திற்கு 60 மீட்டர் நீளமுள்ள நாடா வெளிவரும். நொடிக்கு ஒரு மீட்டர் வீதம் கத்திபோல் விளிம்புள்ள, கொதிக்கும் உருக்கு நாடா! அது முறியாமல் வருமாயின் சுழலும் தண்டைச் சுற்றிக்கொள்ளும்; மெருகேறிய பரப்பைக் கீறும்; உளிக்கும் தண்டுக்கும் இடையே அகப்பட்டு உளியின் விளிம்பை உடைக்கும். இடத்தையும் அது பெரிதாக அடைக்கும். பின்னிய நாடாச் சீவல், தான் திண்மமாக இருந்தபோது கொண்ட இடத்தைப்போல் தொண்ணூறு மடங்குக்கு மேல் இடம் கொள்ளும்; நன்கு முறிந்த சுருள்துண்டுகளுக்கோ எட்டு மடங்கு போதும்.

எல்லாவற்றையும்விடக் கொடிது அதனால் மனிதனுக்கு நேரும் தீங்கு. நசுங்கி நழுவியதால் சீவல் தன் தாய் உலோகத்தைவிடக் கடினமானது. ஓடும் பொறியிலிருந்து அதனைக் கையால் இழுக்க முற்பட்டவன் கை, நாடாவோடு பொறிக்குள் இழுக்கப்படும். விரலின் தசை எலும்பளவும் அறுபடும். கையுறை காக்கும் என்று எண்ணுவது பெரும் பிழை. சுழலும் பொறியின் அருகே கையுறை சுற்றிக்கொண்டு கையையே இழுத்துவிடும். ஆதலின் பொறியை நிறுத்திய பின்னரே, கொக்கியாலோ தூரிகையாலோ சீவலை அகற்றுவது எந்தப் பட்டறையிலும் முதற்பாடம். கண்ணாடி அணியாமல் கடைசற் பொறியின்முன் நிற்பவன் தன் கண்ணைப் பணயம் வைத்தவனே ஆவான்.

எல்லா உலோகமும் நாடாவாக வருவதில்லை. வார்ப்பிரும்பில் கரி மெல்லிய செதில்களாகப் பரவியிருப்பதால் அது பொடிப்பொடியாக உதிரும். பித்தளையில் சிறிது ஈயம் கலந்தால் ஊசிபோன்ற சிறு துணுக்குகள் வரும். உருக்கில் கந்தகத்தைச் சேர்த்தால் அது மாங்கனீசுடன் கூடிச் சிறு திட்டுகளாக நின்று சீவலை எளிதில் முறியச் செய்யும். மென்மையான உருக்கும் அலுமினியமும்தான் பெருந்தொல்லை தருவன. இவற்றை மெதுவாகக் கடைந்தால் மற்றொரு கேடும் உண்டு. உலோகத்துணுக்குகள் உளிமுனையில் ஒட்டி வளர்ந்து, போலி முனையாக நின்று வெட்டி, பின் பெயர்ந்து, பரப்பைச் சொரசொரப்பாக்கிவிடும்.

சீவலை முறிக்கும் வழியைத் தச்சன் நெடுங்காலத்திற்கு முன்பே அறிந்திருந்தான். அவனுடைய இழைப்புளியில் வெட்டும் தகட்டின்மேல், விளிம்பை ஒட்டி, மற்றொரு தகடு அமைந்திருக்கும். எழுந்துவரும் மரச்சுருள் அதில் மோதி உடனே மடங்கும். இரும்பு உளியிலும் இதே கருத்தே பயன்பட்டது. முதலில் உளியின் முகத்தில் சிறு இரும்புக் கட்டையைப் பிணைத்தனர். பின்னர் விளிம்பை ஒட்டிப் பள்ளம் சாணை பிடித்தனர். இன்று இன்சர்ட் எனப்படும் சிறு கார்பைடு வில்லையை அச்சில் அழுத்தி வார்க்கும்போதே அதன் முகத்தில் மேடும் பள்ளமும் அமைத்துவிடுகின்றனர். நகத்தளவு வில்லையை உருப்பெருக்கியால் நோக்கினால் சிறு மலைநாடே தென்படும். ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு காரணம் உண்டு.

மேட்டில் மோதிய சீவல் இறுக்கமாகச் சுருள்கிறது. சுருண்ட அதன் நுனி செய்பொருளிலோ உளியின் பக்கத்திலோ முட்டுகிறது. முட்டியதும் விரிய முயன்று முறிகிறது. அவ்வாறு முறிந்த துண்டு ஆறு, ஒன்பது என்னும் எண்களின் வடிவில் இருக்கும். பிள்ளையார் சுழி என்றும் அதனைச் சொல்லலாம். ஆனால் வில்லை மட்டும் போதாது. ஈர்க்கை எவ்வளவு வளைத்தாலும் ஒடியாது. அதே வளைவில் கட்டைவிரல் தடிமனுள்ள குச்சி ஒடிந்துவிடும். வளையும் பொருள் தடிப்பாயிருந்தால் அதன் வெளிப்புறம் மிகுதியாக நீள வேண்டியிருக்கிறது என்பதே காரணம். சீவலும் அத்தன்மையதே. ஊட்டம் 0.05 மில்லிமீட்டராயின் சீவல் காகிதம்போல் மெலிந்து முறியாமல் ஓடும், 0.25 மில்லிமீட்டராயின் தடித்து முறியும். இங்கேதான் தொழிலாளியின் இக்கட்டு தோன்றுகிறது. வழவழப்பான பரப்பு வேண்டுமெனில் ஊட்டம் குறையவேண்டும். சீவல் முறிய வேண்டுமெனில் ஊட்டம் மிகவேண்டும். ஊட்டத்தை அளவுக்கு மீறிக் கூட்டினாலோ விசை பெருகி, உளி விளிம்பு சிதறும். ஆகவே முதல் வெட்டுக்கு ஒரு வில்லையும், மெருகு வெட்டுக்கு முனையருகிலேயே நுண்ணிய மேடுடைய வேறொரு வில்லையும் எனத் தனித்தனியே வைத்துக்கொள்வர்.

சென்னையில் 1958இல் கிண்டியிலும், 1964இல் அம்பத்தூரிலும் தொழிற்பேட்டைகள் அமைந்தபோது கடைசற் பொறி ஒவ்வொன்றின் முன்னும் ஒருவர் நின்றார். நாடா நீண்டால் உளியைப் பின்வாங்கச் செய்ய அவர் கை இருந்தது. இன்று திருமுடிவாக்கத்திலும் ஒரகடத்திலும் இயங்கும் சி.என்.சி. பொறிகள் கதவடைத்துக்கொண்டு தாமே கடைகின்றன. ஒருவரே இரண்டு மூன்று பொறிகளைப் பார்த்துக்கொள்வதும் உண்டு. கதவுக்குள் நாடா சுற்றிக்கொண்டால் அதனை அறியும் கண் அங்கே இல்லை. அடுத்தடுத்து வரும் தண்டுகள் கீறலோடு வெளிவந்த பின்னரே குறை தெரியவரும். ஆதலின் சீவல் தானே முறிந்து, கூலன்ட் நீரோடு கீழே விழுந்து, நகரும் பட்டையில் ஏறி, வெளியிலுள்ள தொட்டியைச் சேர்ந்தாக வேண்டும். ஆழ்துளையிடும்போது இது மேலும் அரிது. துளைக்குள் சீவல் அடைபட்டால் துளையலகு உள்ளேயே முறிந்துவிடும். அதற்காக அலகைச் சிறிது இறக்கி, மீட்டு, மறுபடியும் இறக்கும் முறையையும், அலகின் உள்வழியே அழுத்தத்துடன் கூலன்ட் பாய்ச்சும் முறையையும் கையாள்வர்.

தொட்டியைச் சேர்ந்த சீவலிலும் கருத்தூன்ற வேண்டுவன உண்டு. அதில் எண்ணெய் கலந்த கூலன்ட் ஒட்டியிருக்கிறது. வெட்டவெளியில் குவித்தால் மழைநீர் அதனைக் கழுவிக் கால்வாயில் சேர்க்கும். செம்பரம்பாக்கம் ஏரியோ சென்னை மாநகர் குடிக்கும் நீர். அதன் அருகே பட்டறை வைத்தோர் சீவற்குவியலைக் கூரையின்கீழ் வைத்து, வடிந்த நெய்நீரைத் தனியே சேர்க்கக் கடமைப்பட்டவர். உருக்கும், வார்ப்பிரும்பும், பித்தளையும், அலுமினியமும் கலந்துவிட்டால் அச்சீவலின் விலை வீழும். பிரித்து வைத்தால் உலைக்குத் திரும்பி மறுபடியும் உலோகமாகும். அலுமினியச் சீவலை உருக்குவதற்கு, தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதற்கு வேண்டும் ஆற்றலில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே போதும். மக்னீசியச் சீவல் மட்டும் தனிக்கவனம் வேண்டுவது. அது தீப்பற்றினால் நீர் ஊற்றலாகாது. நீரிலிருந்து ஹைட்ரஜன் பிரிந்து தீயை வளர்க்கும். உலர்ந்த மணலையே இடவேண்டும்.

புதிய வில்லை ஒன்று பட்டறைக்கு வந்தால் தேர்ந்த தொழிலாளி முதலில் அதன் விலையைப் பார்ப்பதில்லை. ஒரு தண்டைப் பூட்டி, ஊட்டத்தையும் ஆழத்தையும் சிறிது சிறிதாக மாற்றிக் கடைந்து, ஒவ்வொரு முறையும் விழுந்த சீவலில் சிலவற்றை எடுத்து வைக்கிறான். வெள்ளை அட்டையில் கட்டங்கள் வரைந்து, இடமிருந்து வலமாக ஊட்டமும், கீழிருந்து மேலாக ஆழமும் வளருமாறு அவற்றை உரிய கட்டங்களில் ஒட்டுகிறான். அட்டையின் ஓரத்தில் சிக்கு விழுந்த நாடாக்கள். எதிர் ஓரத்தில் அளவுமீறி நொறுங்கிய துகள்கள். நடுவில் சில கட்டங்களில் மட்டும் ஒரே அளவான சுழிகள். அந்த நடுக்கட்டங்களைச் சிவப்பு மையால் சுற்றி, அட்டையைப் பொறியின் பக்கத்தில் மாட்டிவிடுகிறான். அடுத்த முறை வேலைக்கு வருபவர் அதனைப் பார்த்தே பொறியை முடுக்குகிறார்.